ஊருணி வரத்துக்காலுக்காகக் கிராமசபையில் நான் பட்ட பாடு

கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று குறையைச் சொல்லிவிட்டால் வேலை நடந்துவிடும் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நம்பியிருந்தோம். சொன்னது எந்த நோட்டில் ஏறுகிறது, யார் எழுதுகிறார்கள், எழுதியது அப்புறம் எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அலைந்து, காசும் வியாபாரமும் போய், சில பேரோடு பேச்சும் நின்ற பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. வேறு ஊரில் ஒரு பெண் இதே மாதிரி தனியாகப் போய் நிற்பாள். அவளுக்காக இதை எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்தில் எங்கள் ஊர். வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். கைமுறுக்கு, தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, கல்யாண சீசனில் அதிரசமும் உண்டு. வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பெரிய வீடுகள் இருக்கிற தெருக்களுக்குக் கீழே, தாழ்ந்த பக்கத்தில் எங்கள் தெரு. செட்டிநாட்டில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு கிடையாது என்பதால், பெரியவர்கள் மழையை நம்பியே ஊரை அமைத்தார்கள். கூரையில் விழுகிற மழை வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்தில் இறங்கும், அங்கிருந்து தெரு வாய்க்காலுக்கு வரும், தெரு வாய்க்கால் வரத்துக்கால் என்கிற பெரிய வாய்க்காலில் சேரும், வரத்துக்கால் ஊர்க் குளமான ஊருணியை நிரப்பும், மிஞ்சியது கண்மாய்க்குப் போகும். இதில் ஓர் இடத்தில் அடைத்தாலும் தண்ணீர் திரும்பித் தாழ்ந்த தெருவுக்குத்தான் வர வேண்டும். எங்கள் ஊருணிக்குப் போகிற வரத்துக்காலின் குறுக்கே ஒருவர் பிளாட் போட்டார். உள்ளே வண்டி போக வழி வேண்டும் என்று கிராவல் அடித்து வரத்துக்காலை மூடிவிட்டார்கள்.

2022 அக்டோபர் கடைசியில் வந்த மழையில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிட்டது. கார்த்திகைக் கல்யாணம் இரண்டுக்குப் பலகார ஆர்டர் பிடித்து, பச்சரிசியும் உளுந்தும் வாங்கி, மாவு அரைத்துக் காயவைத்து மூட்டை கட்டியிருந்தேன். அத்தனையும் ஊறிப்போனது. மாவும் சாமானும் மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல். ஓர் ஆர்டருக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்றுக்குக் கடனில் சாமான் வாங்கிச் செய்து கொடுத்ததில் லாபம் ஒன்றும் நிற்கவில்லை. கிரைண்டர் மோட்டாரையும் மாற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்து 60,000 ரூபாயைத் தொட்டது. மகளிர் குழுக் கடனைக் கட்டுவதற்கு வைத்திருந்த பணமும் அதில் போனதுதான் எனக்குப் பெரிய அடி. குழுவில் தவணை தவறுவது எனக்கு அதுவரை நடந்ததே இல்லை.

அந்த வாரமே நவம்பர் 1 வந்தது. கிராமசபை முன்பெல்லாம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு தடவைதான் நடக்கும். 2022-ல்தான் தண்ணீர் நாளான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். சேறு வழித்த கையோடு நேராகக் கூட்டத்துக்குப் போனேன். சாமியானா போட்டிருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்வையிட ஊராட்சி ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்கிற அலுவலர் ஒருவர் வந்திருந்தார். வருகைப் பதிவேட்டில் முதலிலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் முறை வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். "பதிவு பண்ணிக்கிட்டோம்மா, உக்காருங்க" என்றார் மேசையில் இருந்தவர். மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 26 கூட்டத்தில் போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு தீர்மானமே இல்லையேக்கா" என்றார் எழுதுகிறவர். நூறு பேர் முன்னால் அழுது சொன்னதில் ஒரு வரிகூட நோட்டில் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் மழைத்தண்ணீர் வந்த ராத்திரியில்கூட வரவில்லை. மழை தெரியாமல் வந்தது. இங்கே என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கிராமசபையில் என்னென்ன பொருள் என்ற பட்டியல் பெரும்பாலும் மேலேயிருந்து வருகிறது. டெங்கு, பிளாஸ்டிக், குடிநீர் இணைப்பு, நூறு நாள் வேலைக் கணக்கு என்று வரிசையாக இருக்கும். அதை வாசிப்பார்கள், அதையே தீர்மானமாக எழுதுவார்கள். நம் ஊர்ப் பிரச்சினைக்கு இடம் கடைசியில் 'இதர பொருள்கள்' என்ற தலைப்பில்தான். அந்த இடம் வருவதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். அதனால் பேசுவதைக் கூட்டத்துக்கு முன்னாலேயே மனுவாக எழுதி, 'கூட்டப் பொருளில் சேர்க்கவும்' என்று மேலே போட்டு, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், நம் கையில் இருக்கிற பிரதியில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். முத்திரை போடத் தயங்கினால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். கையில் சான்று இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதை எனக்குச் சொன்னது என் அக்கா மகன். காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். "சித்தி, சண்டை போடாதீங்க, நோட்டோட நகலை எழுதிக் கேளுங்க" என்றான். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன். நவம்பர் 1 கிராமசபையின் தீர்மானப் பதிவேட்டு நகல், வருகைப் பதிவேட்டு நகல் என்று இரண்டே விஷயம் கேட்டேன். ஏன் எழுதவில்லை, யார் பொறுப்பு என்றெல்லாம் அதில் கேட்கக்கூடாது. அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தின் பெயரைச் சொல்லி அதன் நகலைக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டோமே என்றும் பயப்பட வேண்டாம். சரியான அலுவலகத்துக்கு 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். எனக்கு நகல் வந்தது. சொன்ன மாதிரியே எங்கள் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. நான் கூட்டத்தில் இருந்தேன், நான் சொன்னது எழுதப்படவில்லை என்பதற்கு அவர்கள் கொடுத்த தாளே சாட்சியாக ஆயிற்று.

இதற்கிடையில் வீட்டில் நெருக்கடி தொடங்கியது. பிளாட் போட்டவருக்கு வேண்டியவர்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க யாவாரம் பண்றவங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்று பேசியிருக்கிறார்கள். அந்தப் பிளாட்டுகளுக்குச் செங்கலும் மணலும் ஏற்றுகிற நடை அவருக்கு வந்துகொண்டிருந்தது, அது நின்றுபோயிற்று. மாசம் நாலைந்தாயிரம் ரூபாய் வருமானம் அது. ராத்திரியில் இருவரும் பேசாமல் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. விட்டுவிடலாம் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். "அடுத்த ஐப்பசியில திரும்பத் தண்ணி வந்தா நீ எங்க மாவ காயவைப்பே" என்று அவரே கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்போது ஒரு முடிவு எடுத்தேன். இனி எந்த இடத்திலும் ஆள் பெயரைச் சொல்வதில்லை, சர்வே எண்ணை மட்டும் சொல்வது. ஆளைச் சொன்னால் ஊர் இரண்டாகும். அவருடைய பங்காளி, சம்பந்தி, கடன் வாங்கினவர் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். எண்ணைச் சொன்னால் பேச்சு நிலத்தைப் பற்றி நிற்கும். ஆனால் எண் தெரிய வேண்டுமே. ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கிற பதிவேட்டுக்கு அ-பதிவேடு என்று பெயர், அதன் விவரத்தை அரசின் இணையச் சேவைத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அது புறம்போக்கா, பட்டா நிலமா என்பது அதில் தெரிந்துவிடும். எங்கள் வரத்துக்கால் வாய்க்கால் புறம்போக்கு என்றே இருந்தது. புலப்படம், அதாவது எல்லோரும் எஃப்.எம்.பி. என்கிறோமே அந்த வரைபடத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். இதற்கு அலைந்த நாட்களில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஒரு நாள் போட்டால் எனக்கு 600, 700 ரூபாய் நிற்கும், அதையும் நஷ்டக் கணக்கில்தான் எழுத வேண்டும். ஆனாலும் அந்தப் படம் கைக்கு வந்த அன்றைக்கு எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமில்லை. வரத்துக்காலின் அகலம், வளைவு, எங்கே ஊருணியில் சேருகிறது என்பது எல்லாம் கோடு போட்டு இருந்தது. நான் கதை சொல்கிறேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெரிய வீட்டு ஆச்சி ஒருவர், சென்னையிலிருந்து வந்திருந்தவர், என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த ஊருணியை வெட்டினதில் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. "நானும் கூட்டத்துக்கு வந்து பேசுறேன்" என்றார். இங்கே ஒரு விஷயம் நம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் முக்கியம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள்தான் கிராமசபை உறுப்பினர்கள். வீடு இங்கே இருந்தாலும் ஓட்டு சென்னையில் இருந்தால் அவர் உறுப்பினர் ஆகமாட்டார். செட்டிநாட்டில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, வீட்டுக்காரர்களின் ஓட்டு எங்கெங்கோ இருக்கிறது. அதனால் ஆச்சியை மாவட்ட ஆட்சியருக்குத் தனிக் கடிதம் எழுதச் சொன்னேன். ஊருணிப் படித்துறையில் தண்ணீர் நிறைந்திருந்த பழைய கல்யாணப் போட்டோ ஒன்றையும் அதோடு வைத்து அனுப்பினார். அது பின்னால் உதவியது. கூட்டத்தில் கையை உயர்த்துகிறவர்கள் ஊரில் ஓட்டு உள்ளவர்களாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் தீர்மானம் செல்லாது என்று சொல்ல அது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

அப்புறம் கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். எங்கள் ஊராட்சிக்கு நூறு. இந்த நூறை நிறைப்பது பெரும்பாலும் நூறு நாள் வேலைப் பெண்கள்தான். கையெழுத்துப் போட்டதும் ஆடு பிடிக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் அவர்கள் போய்விடுவார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் மார்ச் 22 கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் வேலை பார்க்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்து பேசினேன். ஊருணி நிறைந்தால் பக்கத்துக் கிணறுகளில் ஊறும், கோடையில் குடம் தூக்கி அலைய வேண்டாம் என்பது என்னைவிட அவர்களுக்குத் தெரியும். "கடைசி வரைக்கும் உக்காந்திருங்க அத்தை, 'இதர பொருள்' முடியிற வரைக்கும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒரு தட்டுச் சீடையோடுதான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீர்மானத்தின் வாசகத்தையும் நானே எழுதிக்கொண்டு போனேன். இது எல்லாவற்றிலும் முக்கியம். 'வரத்துக்கால் பிரச்சினைக்கு நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதினால் யார், எதை, எங்கே என்று ஒன்றும் இருக்காது. நான் எழுதியது இப்படி: 'சர்வே எண் இன்னதில் உள்ள வாய்க்கால் புறம்போக்கில் கிராவல் கொட்டி மூடப்பட்ட பகுதியை நில அளவை செய்து, ஆக்கிரமிப்பை அகற்றி, ஊருணி வரை தூர்வாரித் தருமாறு வட்டாட்சியரையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் இக்கிராமசபை கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.' முன்கூட்டியே முத்திரை வாங்கிய மனுவோடு இதை இணைத்திருந்தேன். தண்ணீர் நாள் கூட்டம் என்பதால் தண்ணீர்ப் பிரச்சினையை ஒதுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. 'இதர பொருள்' வந்தது. படித்தேன், அழவில்லை. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "பாத்துச் செய்றோம்மா" என்றார்கள். நான் உட்காரவில்லை. "இத நோட்டுல எழுதி, தீர்மான எண்ணோட வாசிச்சுக் காட்டுங்கய்யா" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னாலிருந்து பெண்கள் "எழுதுங்க, எழுதுங்க" என்றார்கள். பற்றாளர் தலையிட்டு எழுதச் சொன்னார். எழுதி வாசித்ததும் என் போனில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். கிராமசபை நடவடிக்கை ஊர் மக்களின் ஆவணம், படம் எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் மரியாதையாகக் கேட்டுவிட்டு எடுங்கள், சண்டைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

தீர்மானம் நிறைவேறினால் ஜேசிபி தானாக வந்துவிடாது. அந்த நகலை வைத்து நாம்தான் ஒவ்வொரு அலுவலகமாகக் கொண்டுபோக வேண்டும். ஆக்கிரமிப்பை அளந்து அகற்றுவது வருவாய்த்துறை வழியாக, தூர்வாருவது ஒன்றியம் வழியாக. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். இரண்டு இடத்திலும் ஒரே தேதியில் மனு கொடுங்கள், ஒன்றின் நகலை இன்னொன்றில் இணைத்து. அதிலும் நகராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு ஆட்சியருடையது. அங்கே மனுவுக்கு எண் கொடுப்பார்கள். பிறகு எங்கே கேட்டாலும் அந்த எண்ணை முதலில் சொல்லுங்கள், உங்கள் கதையை அப்புறம் சொல்லலாம். அரசின் குறைதீர் எண்ணான 1100-க்குப் போன் போட்டும் பதியலாம். நான் எல்லாத் தாளையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் குத்தி வைத்தேன். பஸ் டிக்கெட், ஜெராக்ஸ், தபால் என்று ஏழெட்டாயிரம் ரூபாய் போயிருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து தேதிகளைக் காட்டினால் எதிரே இருக்கிறவரின் குரல் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

2023 மழைக்கு முன்னால் வேலை முடியவில்லை. இந்தத் தடவை சாமானை முன்கூட்டியே அக்கா வீட்டுக்கு மாற்றிவிட்டதால் மாவு தப்பியது, தரை மட்டும் ஊறியது. மறு வருஷம் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். தலையாரியும் ஊர்க்காரர்களும் இருக்க, கல் நட்டார்கள். மூடியிருந்த கிராவலில் பெரும்பகுதியை வாரி எடுத்தார்கள். பிளாட்டுக்குப் போகிற வழியில் மட்டும் சிமென்ட் குழாய் ஒன்றைப் பதித்து மேலே மண் போட்டார்கள். அந்த மழைக்கு ஊருணியில் முக்கால்வாசி தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. வீட்டுக்காரருக்கு நின்றுபோன நடை இன்னும் திரும்பவில்லை.

நகர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. பக்கத்திலுள்ள பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்தன. அப்படிச் சேர்ந்த ஊர்க்காரர்களுக்கு இனிக் கிராமசபை கிடையாது. மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் பேசுவது கவுன்சிலர்கள்தான், நாம் எழுந்து பேச முடியாது. அதற்குப் பதிலாக நகரங்களில் 2022 முதல் பகுதி சபா நடக்கிறது. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் கூட்டுவார்கள். அக்கா மகனுடைய தெருவுக்கு அந்தக் கூட்டம் எங்கே, எப்போது என்று யாரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை. கவுன்சிலரிடம் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது நம் வேலை. மற்றபடி மனு, முத்திரை, வாசகம், நகல் எல்லாம் அங்கேயும் அதேதான்.

கிராமங்களில் இன்னொரு மாற்றம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த எங்கள் மாவட்டம் போன்ற இடங்களில் 2025 ஜனவரியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. கிராமசபை அதனால் நின்றுவிடவில்லை. 'தலைவரே இல்லை, யாரிடம் கொடுப்பது' என்று சும்மா இருந்துவிடாமல் மனுவில் தனி அலுவலர் என்று போட்டுக் கொடுங்கள்.

இப்போது என் கவலை அந்தச் சிமென்ட் குழாய். பழைய வரத்துக்கால் ஆறடி அகலம், குழாயோ ஒன்றரை அடிதான். இலையும் பிளாஸ்டிக்கும் சிக்கினால் திரும்பவும் அடைக்கும். அக்டோபர் 2 கிராமசபையில்தான் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும், அடுத்த வருஷப் பணத்தில் எந்த வேலை செய்வது என்று அதில்தான் பட்டியல் ஏறுகிறது. அங்கே குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்டும் வேலையைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதிவிட்டேன். சர்வே எண், நீளம், அகலம், புலப்பட நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன். இந்தத் தடவை மனுவில் எங்கள் தெருப் பெண்கள் பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.